ஐந்தாவது கை

நடுப்பகலில் டயர் பட்டறையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. ஸ்டெப்னி குனிந்து உள்ளே நுழைந்தான். வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு எதுவும் பிடிபடவில்லை. ரப்பர் நாற்றமும் பழைய கிரீஸ் நாற்றமும் மட்டும் மூக்கில் ஏறின.

"வாங்க சார். உங்களுக்குத்தான் மாலை வாங்கி வெச்சிருக்கோம்" என்றான் பல்லு. முன்பற்கள் இரண்டும் உதட்டுக்கு வெளியே குடியிருக்கும் ஆள். பக்கத்தில் கிளியும் மட்டையும் டயர் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

சுவிட்சுக்குப் பக்கத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார் அண்ணன். சுற்றியுள்ள ஆறு தெருக்களில் அவர் இருமினால் கடை சாத்துவார்கள்.

"ஷட்டரை இறக்குடா."

இறக்கினான். எதற்கு என்று அவனுக்குத் தெரியும். போலீசுக்குத் துப்பு போய்விட்டால் கும்பலில் ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக நிற்க வேண்டும். அண்ணன் விளக்கை அணைப்பார். ஒவ்வொருவனும் தான் சந்தேகப்படுகிறவன் தோளில் ஒரு கை வைக்க வேண்டும். விளக்கு எரியும்போது எவன் மேல் அதிகக் கை இருக்கிறதோ, அவன் வீடு திரும்ப மாட்டான்.

போன மாதம் எல்லாக் கைகளும் வெல்டர் மேல் இருந்தன. வெல்டர், ஸ்டெப்னியின் தங்கை புருஷன். அண்ணன் தன் கையாலேயே அவன் கதையை முடித்தார். புருஷன் வெளியூரில் வேலை பார்ப்பதாகத் தங்கை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

துப்புக் கொடுத்தது ஸ்டெப்னி.

திருட்டு வண்டியோடு பிடிபட்டவனை இன்ஸ்பெக்டர் வெளியே விட்டது, துப்புக் கொடுக்கும் ஒப்பந்தத்தில்தான். தன் தலை தப்ப, மாப்பிள்ளை மேல்தான் சந்தேகம் என்று ஒவ்வொருவன் காதிலும் ஓதியவனும் அவனே. அன்றோடு வாயை மூடிக்கொண்டான். ஆனாலும் துப்பு நிற்கவில்லை. நேற்று, திருட்டுச் செம்புக் கம்பி கிடந்த கிடங்கையே போலீஸ் வளைத்துவிட்டது. பதறிப்போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டான்.

"நான் எதுவும் சொல்லலையே சார்?"

"நீ எங்கய்யா சொன்ன? உன் மாப்பிள்ளை, அந்த வெல்டர், அவன்தான் சொன்னான். தினமும் பேசுறானே!"

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் முதல் வேலையாகக் கிளியையும் மட்டையையும் தனித்தனியே பார்த்து, "பல்லு சரியில்லடா" என்று ஓதிவிட்டு வந்திருந்தான்.

"நில்லுங்கடா" என்றார் அண்ணன்.

நான்கு பேரும் வட்டமாக நின்றார்கள்.

விளக்கு அணைந்தது.

கையை நீட்டித் தடவி, பல்லுவின் தோளைப் பிடித்தான் ஸ்டெப்னி. செருப்புகள் தரையில் தேய்ந்தன.

அவன் வலது தோளில் ஒரு கை விழுந்தது.

ஒன்றுதான். ஒன்றுக்குப் பயமில்லை.

இடது தோளில் இன்னொன்று.

கனமான கை. சூடு. அப்போதுதான் பற்றவைத்து எடுத்த இரும்பைச் சட்டை மேல் வைத்தது போல. தீய்ந்த இரும்பின் நாற்றம் காதோரமாக வந்தது.

கத்த வாயைத் திறந்தான்.

விளக்கு எரிந்தது.

பல்லுவின் மேல் மூன்று கைகள். ஸ்டெப்னி, கிளி, மட்டை. பல்லுவின் கை ஸ்டெப்னியின் வலது தோளில். இடது தோளில் யாருமில்லை.

"அண்ணே, என் புள்ளைங்க மேல சத்தியமா நான் இல்லண்ணே!" பல்லு மண்டியிட்டு விழுந்தான்.

அண்ணன் இடுப்பிலிருந்த கத்தியை உருவினார். தப்பித்தாயிற்று. ஸ்டெப்னி மூச்சு விட்டான்.

கிளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஸ்டெப்னி... உன் சட்டை."

இடது தோளில் துணி கருகிக்கொண்டிருந்தது. நான்கு விரல். பிறகு கட்டைவிரல்.

அண்ணன் ஒவ்வொருவன் கையையும் பார்த்தார். "நீங்க நாலே பேரு. இது யாரு கைடா?"

பல்லு அழுதுகொண்டிருந்தான். வெல்டரும் அன்று அதே இடத்தில், அதே மாதிரிதான் அழுதான். ஸ்டெப்னியின் தோளில் அந்தக் கனம் இன்னும் அழுத்தியது. காதுக்குள் மெதுவாக ஒரு குரல்.

"சொல்லு மச்சான்."

"அண்ணே" என்றான் ஸ்டெப்னி. அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "பல்லு இல்லண்ணே. வெல்டரும் இல்ல. நான்தான். அவனைச் சும்மா கொன்னுட்டோம்."

தோள் சட்டென்று லேசாயிற்று.

அண்ணன் கத்தியை அவன் பக்கம் திருப்பினார். ஓர் அடி எடுத்து வைக்கப் பார்த்தார்.

கால் நகரவில்லை.

"எவன்டா அது?" என்றார்.

நான்கு பேரும் அவருக்கு எதிரில் இருந்தார்கள். பின்னால் சுவர்தான்.

"எவன்டா... கைய எடு" என்றார் மறுபடி, குரல் இறங்கி.

அவருடைய இரண்டு தோள்களிலிருந்தும் மெல்லிசாகப் புகை கிளம்பியது.