இரும்பு மூடிக்குக் கீழே

கிணற்றில் இறைத்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மார்கழி விடியலில், வாழையிலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும்போது, அடியில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல அப்படியொரு சூடு. வேலம்மாள் வாளிக்குள் விட்ட கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். துருப்பிடித்த இரும்பின் நெடி.

"எல்லாம் அந்த நாசமாப் போறவனுங்க போட்ட துளையாலதான்," என்று தண்ணீரைக் கொல்லையில் வீசிக் கொட்டினாள்.

ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, கொள்ளிடக்கரையில், கோயிலின் பாதியில் நின்றுபோன மொட்டைக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது அந்த ஊர். ஐப்பசியில் ஜீப்புகள் வந்தன. அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் கட்ட இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். ஆற்றுத் தண்ணீர் அதற்கு வேண்டுமாம், ஊரே காலி செய்ய வேண்டுமாம். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வேலம்மாளின் வாழைத்தோட்டத்தில் இறங்கி, குலை தள்ளியிருந்த மரங்களை வெட்டிச் சாய்த்து, தடதடவென்று பூமியைத் துளைத்து, உருளை உருளையாகக் கல்லை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டார்கள். துளையில் இறக்கிய அகலமான குழாயின் வாயை இரும்பு மூடி போட்டு மூடிவிட்டுப் போனார்கள்.

ஊர் கொதித்தது. வேலம்மாளின் புருஷன் ராமர்தான் முன்னால் நின்றான். அக்கரையில் மாடு மேய்ப்பவனை இக்கரையிலிருந்தே கூப்பிடுகிற தொண்டை அவனுக்கு. "ஊரையும் தர மாட்டோம், ஆத்தையும் தர மாட்டோம்!" என்று திருச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலில் அவன் கத்தியபோது உள்ளே இருந்த குமாஸ்தாக்கள் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்று மனு எழுதிக் கொடுத்தவர் பள்ளிக்கூட வாத்தியார் சவரிராயன்.

திருச்சி மன்னார்புரத்தில் முகாம் போட்டிருந்த அந்த ஜீப்புக்காரர்களின் அதிகாரி ஒருநாள் வாத்தியாரைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். "நீங்க படிச்சவங்க. நேரிலேயே பாருங்க, பயப்பட ஒண்ணுமில்லைங்க," என்று மூடியைத் திறந்து காட்டினார். வாத்தியார் குனிந்து பார்த்தார்.

அதோடு சரி. தேடிப்போனவர்களிடம், "நல்லதுதானே, வரட்டுமே," என்றார் சிரித்தபடி. அப்புறம் ஒவ்வொருவராக அந்தத் துளையைப் பார்க்கப் போனார்கள். போய்வந்த யாருக்கும் கோபம் வரவில்லை.

"வெலை போயிட்டானுங்க," என்று காறித் துப்பிய ராமர், அந்த மூடியையே பேர்த்து ஆற்றில் எறிகிறேன் என்று நேற்றுச் சாயங்காலம் கடப்பாரையோடு கிளம்பினான். வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

இப்போது அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"கடப்பாரை எங்கங்க?"

"அங்கேயே இருக்கு."

"மூடியைப் பேத்தீங்களா இல்லையா?"

"எதுக்கு? குடுத்துடலாம் வேலம்மா."

அவளுக்குத் தலைக்குள் ஜிவ்வென்று ஏறியது. "உங்க அப்பாரைப் பொதைச்ச எடமும் அதுலதானே இருக்கு! அதையும் குடுத்துடுவீங்களா?"

"குடுத்துடலாம்."

அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். புருஷன்மேல் அவள் கை ஓங்கியது அதுதான் முதல் தடவை. விரல் பதிந்து சிவந்த கன்னத்தோடு அவன் வாத்தியார் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான்.

பகலெல்லாம் பொருமிக்கொண்டிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு எழுந்து பார்த்தபோது ராமரைக் காணவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தாள். வழக்கமாக அந்த வேளையில் அடையும் கொக்குகள் ஒன்றும் இல்லை, தவளைச் சத்தமில்லை, தெருவில் எந்த வீட்டிலும் அடுப்புப் புகையில்லை, வாழைச்சருகுகள் மட்டும் காற்றே இல்லாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன, போகப் போக அந்த இரும்பு நெடி தொண்டைக்குள் இறங்கி நாக்கில் ரத்தம்போலக் கரித்தது.

ஊரே அங்கே இருந்தது. இரும்பு மூடி திறந்து கிடந்தது. ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று கூடைகூடையாக மண்ணைக் கைமாற்றிக் குழாய்க்குள் கொட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் பேசவில்லை. எல்லார் முகத்திலும் ராமரின் சிரிப்பு.

"ஏய்! என்னய்யா பண்றீங்க?"

யாரும் திரும்பவில்லை. ஆனால் பதில் வந்தது.

பூமிக்கடியிலிருந்து.

"வேலம்மா! கொட்டுறதை நிறுத்தச் சொல்லு! ஊரையும் தர மாட்டோம்!"

ராமரின் குரல். கலெக்டர் ஆபீஸ் வாசலில் கேட்ட அதே குரல். ராமரோ அவள் எதிரில் கூடையோடு நின்றான். அவன் உதடு அசையவே இல்லை.

"அது யாருங்க உள்ளே?"

"ஒண்ணும் கேக்கலையே," என்றான் மெதுவாக.

மண்வெட்டி நழுவியது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடி, குழாயின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள் கூட்டம். வாத்தியாரின் குரல். பக்கத்து வீட்டு மாரியாயியின் குரல். அழுகை, வசவு, கோஷம். ஊரின் கோபம் மொத்தமும் அங்கே கிடந்து கதறியது.

"நான் வந்துட்டேங்க!" என்று உயிரைக் கூட்டிக் கத்தினாள். "வெளியே வாங்க!"

எதிரொலி வரவில்லை. அவள் குரல் கீழே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.

மறுபடி வாயைத் திறந்தாள்.

மூச்சு மட்டும் வந்தது.

நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது அணைந்துவிட்டது. இதமாக இருந்தது. முகம் தானாக மலர்ந்தது. வாத்தியார் ஒரு கூடை மண்ணை அவள் கையில் கொடுத்தார்.

கீழே, ராமரின் குரலுக்குப் பக்கத்தில், ஒரு பெண் புதிதாகக் கத்த ஆரம்பித்திருந்தாள். "கொட்டாதே! நான்தான்டி! கொட்டாதே!"

வேலம்மாள் கூடையைக் கவிழ்த்தாள். உள்ளே அந்தக் குரல், வாயில் மண் விழுந்ததுபோலத் திணறியது.

அவள் சிரித்தபடி அடுத்த கூடைக்குக் கையை நீட்டினாள்.