நோட்டோடு வந்தவள்

நோட்டும் பென்சிலுமாகப் பேராச்சி சந்துக்குள் நுழைந்ததுமே பேச்சு நின்றுவிட்டது.

"உங்கள் தெருவில் உழைக்கும் ஒருவரின் கதையை அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நல்ல கதை பள்ளிக் கையெழுத்துப் பத்திரிகையில் வரும்" என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொல்லியிருந்தார்.

தாராவியில் தோல் பதனிடும் வேலை செய்யும் வெயிலுமுத்து மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, பம்பாய்க்கு எப்ப வந்தீய? வீட்ல எத்தனை பேரு? குடிசை சொந்தமா, வாடகையா?"

மாமாவின் முகம் மாறியது. "ஏட்டி, ஒன்னை யாரு அனுப்புனா?"

"டீச்சர்."

"டீச்சருக்கு என் குடிசையில என்ன வேலை? போ, போ!"

கதவு சாத்திக்கொண்டது. எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் அவசரமாக ரேஷன் கார்டை மடியில் செருகிக்கொண்டாள்.

பேராச்சி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அம்மா சொன்னாள்: "போன மாசம் ஒருத்தன் நோட்டோட வந்து இதையேதான் கேட்டான். மறுவாரம் அடுத்த சந்துல ஆறு குடிசையை இடிச்சிட்டாங்க. பயம் இருக்காதா?"

பேராச்சி தன் கேள்விகளை மறுபடி படித்தாள். எல்லாவற்றையும் அடித்தாள்.

மறுநாளும் போனாள். "மாமா, ஒண்ணே ஒண்ணு. மொத நாள் வேலையில என்ன நடந்துச்சு? எழுதினதும் நோட்டை ஒங்ககிட்டயே தாரேன். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளுங்க. பிடிக்கலேன்னா கிழிச்சிருங்க."

மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப தூரத்துல, விக்ரோலியில குடியிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போற ரயில்ல நிக்க இடமில்ல. எம்மேல தோல் நாத்தம். மோந்ததுதான் தாமதம், பெஞ்சு காலி! ராசா மாதிரி உக்காந்து போனேன்" என்றார். சிரித்தார். பிறகு தன் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார்.

பேராச்சி எழுதி, நோட்டைக் கொடுத்துவிட்டாள்.

வியாழன் போயிற்று. நோட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு பள்ளிக்குப் போனாள். 'கிழித்திருப்பாரோ?'

பள்ளி வாசலில் மாமா நின்றிருந்தார், கையில் நோட்டோடு.

"தையக்கார கலீலுல்லா பாய் ரெண்டு தடவ படிச்சுக் காட்டினாரு. ஒரு தப்பு இருக்கு. எந்திரிச்சுப் போனது நீ எழுதின மாதிரி ரெண்டு பேர் இல்ல, நாலு பேரு."

பேராச்சி அங்கேயே திருத்தினாள்.

"எம்பேரு எங்க?"

"நீங்க பயப்படுவீயன்னு போடல, மாமா."

"பேரு இல்லாட்டா அந்த பாய் தன் கதைன்னு சொல்லிக்கிட்டுத் திரிவாரு. போடு, வெயிலுமுத்து. பெருசா எழுது."

கடைசி எழுத்து விழும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.