மஞ்சள் விளக்கு வீடு

"ஆன்டெனா கம்பத்தை நட்டாச்சு. இனிமே உன்னை யாரெல்லாம் கேப்பாங்கன்னு யோசிச்சியா, வெர்லா?"

அக்டோபரில், கூரை விளிம்பில் உட்கார்ந்து இழுவைக் கம்பியை முறுக்கிக்கொண்டே ஆர்வின் கேட்டான். அவன் வெர்லாவின் கணவன் டெல்மருக்கு அண்ணன், பக்கத்துப் பண்ணைக்காரன். கீழே ஏணியைப் பிடித்திருந்த டெல்மர் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவ பேசி எவன் கேக்கப் போறான்? தபால்காரனுக்கே தலைய மட்டும்தான் ஆட்டுவா."

அதனால்தான் லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் சி.பி. ரேடியோவில் அவளுக்கு 'வாயாடி' என்று பட்டப்பெயர் வைத்தான். தனக்கு 'கிழ எருமை'. ஆன்டெனாவை நட்டதே அவனுக்காகத்தான். மாட்டுத் தீவன லாரி ஓட்டுகிறவன், பனிப்புயலில் சாலையும் வயலும் ஒரே வெள்ளையாகிப்போனால் வீட்டு வாசலுக்கு எதிரே நின்றுகொண்டே வழி தெரியாமல் உறைந்து சாகலாம். நெப்ராஸ்காவில் அப்படிச் செத்தவர்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அவள் மைக்கின் பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டே இருந்தால் போதும்; பொத்தானை விட்டால்தான் எதிராளியின் குரல் கேட்கும். அவன் தன் ரேடியோவில் சிக்னலின் வலுவைக் காட்டும் முள்ளைப் பார்ப்பான். முள் ஏறினால் வீடு நெருங்குகிறது, இறங்கினால் விலகுகிறது.

ஜனவரியில் அந்தப் புயல் பட்டப்பகலில் வந்தது. சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், மாவு டின்களுக்கு நடுவே, ரேடியோவின் முன் வெர்லா உட்கார்ந்திருந்தாள். அறையின் சின்ன ஜன்னலைப் பனி மூடி, உள்ளே பால் கலந்தது போன்ற வெளிச்சம். மேலே இழுவைக் கம்பிகள் காற்றில் முனகின. அந்த முனகல் கம்பத்தில் இறங்கி, சுவரில் இறங்கி, அவள் முழங்கை ஊன்றியிருந்த மேசைக்குள் எறும்பு ஊர்வது போல வந்தது. டெல்மர் இந்நேரம் வந்திருக்க வேண்டும்.

"கிழ எருமை, வாயாடி பேசறேன். கேக்குதா?"

இரைச்சல். பிறகு, மிக மெல்லிய ஒரு குரல்.

"யாராவது இருக்கீங்களா? வழி தெரியல."

டெல்மர் இல்லை. ஆணா பெண்ணா என்றும் தெரியவில்லை. அவள் ரேடியோவின் முள் அடியில் லேசாகத் துடித்தது. எங்கோ தொலைவில் இருக்கிறார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் புயலில் கூப்பிடுகிறவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் வழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது. பின்கதவைப் பூட்டாமல் வைப்பதும் அதற்காகத்தான்.

"இருக்கேன், சொல்லுங்க. பெரிய ரோட்டுல தகர வாத்து வச்ச தபால் பெட்டி வரும். அங்க வலது பக்கம் திரும்புங்க."

"தகர வாத்து வச்ச தபால் பெட்டி. வலது பக்கம்."

"வாசல்ல மஞ்சள் விளக்கு எரியும்."

"மஞ்சள் விளக்கு."

"பின்கதவு பூட்டல. நீங்களே உள்ள வந்துடுங்க."

"உள்ள வந்துடுங்க," என்றது குரல்.

பயந்துபோன ஆள், பாவம், என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் இல்லை. கண்ணாடித் துடைப்பான் சத்தம் இல்லை. இந்தக் காற்றில், காற்றுச் சத்தம்கூட இல்லை. முள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. எந்த வண்டியும் பனியில் அந்த வேகத்தில் வர முடியாது.

"வாயாடி!" டெல்மரின் குரல், கரகரவென்று. அவள் கண்ணில் நீர் முட்டியது. "ஓடைப் பாலத்துக்கிட்ட வந்துட்டேன். யாருகூட இவ்வளவு பேச்சு?"

"ஒருத்தங்க வழி தெரியாம நிக்கறாங்க, டெல்மர். உனக்குக் கேக்கலையா?"

"உன் குரல் மட்டும்தான் கேக்குது. நீயே கேக்கற, நீயே பதில் சொல்ற. குளிர்ல எனக்குத்தான் மூளை உறைஞ்சுதுன்னு பாத்தேன்."

அவள் முள்ளைப் பார்த்தாள்.

"நம்ம இடத்தைச் சொல்லிட்டியா, கண்ணு?"

"சொல்லிட்டேன்."

"சரி. பேச்சை மட்டும் நிறுத்தாத. ரோடு சுத்தமா தெரியல. நீ நிறுத்தினா நான் பள்ளத்துலதான் கிடப்பேன்."

அவள் பேசினாள். அடுப்பில் இருக்கும் சூப்பைப் பற்றி, கிழிந்த திரைச்சீலையைப் பற்றி, வாயில் வந்ததையெல்லாம். பேசி முடித்துப் பொத்தானை விட்டபோது முள் மறுகோடியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. டெல்மர் பேசவில்லை. யாருமே பேசவில்லை.

சமையலறையில் பின்கதவின் தாழ் 'டக்' என்றது.

குளிர் தரையோடு வந்து கணுக்காலைத் தொட்டது. கூடவே ஒரு வாடை. குளத்தில் ஐஸை உடைத்தால் அடியிலிருந்து எழும் சேற்று வாடை.

சாமான் அறைக்கு ஒரே கதவுதான். அது சமையலறைக்குள்தான் திறக்கும். ஓசையில்லாமல் அதைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது.

மின்னல் காலத்துக்காக ஆர்வின் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. ரேடியோவின் பின்னால் ஆன்டெனா கேபிளைத் திருகிக் கழற்றிவிடு. அதோடு அது செவிடு. பக்கத்திலேயே நின்று எவனாவது பேசினால்தான் அதற்குக் கேட்கும்.

கழற்றினாள். இரைச்சல் அறுந்தது. டெல்மரும் அறுந்தான்.

முள் இறங்கவில்லை.

"டெல்மர்," என்றது ரேடியோ.

வெர்லாவின் குரல். அவளுடைய அதே தயக்கம், அதே மூச்சு.

கேபிளை மறுபடி மாட்டினாள். மரை பிடிக்கவில்லை. பிடித்தது. பொத்தானை அழுத்தினாள்.

"டெல்மர், அது நான் இல்ல! வராத! ஆர்வின் வீட்டுக்குப் போ!"

விட்டாள்.

"ஒரே விசிலா இருக்கு, கண்ணு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல அழுத்தறீங்க. ஒண்ணும் புரியல."

மறுபடி அழுத்தினாள். கத்தினாள். ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால் வலுத்ததுதான் போகும். மற்றது விசிலாகிவிடும்.

"ஆங், இப்ப தெளிவா கேக்குது," என்றான் டெல்மர்.

"உள்ள வராத, டெல்மர்," என்றது அவள் குரல். ரேடியோவிலிருந்தும் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. "ஹீட்டர் அணைஞ்சு போச்சு. வாசல்லயே நில்லு. நான் வரேன், ஆர்வின் வீட்டுக்குப் போயிடலாம்."

"வாத்துப் பெட்டி தெரியுது! சீக்கிரம் வா."

கோட்டு மாட்டும் ஆணி கிறீச்சிட்டது.

பூட்ஸ். ஒரு கால். இன்னொரு கால்.

கதவிடுக்கில் அவளுடைய நீலக் கோட்டு தெரிந்தது. தொப்பி இழுத்து மூடியிருந்தது. சாமான் அறைக் கதவின் முன்னால் வந்து நின்றது. இந்தப் பக்கம் வெர்லா. நடுவில் ஒரு பலகை. கத்த வாயைத் திறந்தாள். இதுவரை பேசிய பேச்செல்லாம் எங்கே போயிற்று?

கோட்டு நகர்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. பின்வாசலுக்கு எதிரே லாரி; வெள்ளைக்குள் இரண்டு மங்கிய விளக்கு. "டெல்மர்!" கம்பிகளின் முனகல் அதைத் தின்றது. படிக்குக் கீழே இடுப்பளவு பனி. அவள் காலில் கம்பளி உறை மட்டும். ஆணி காலி. பூட்ஸ் இல்லை. ஓர் அடி வைத்தாள். தொடைவரை புதைந்தது. மூச்சு நின்றது. படியைப் பற்றி மேலே ஏறினாள்.

லாரிக் கதவு உள்ளிருந்து திறந்தது. டெல்மரின் கை நீண்டது. நீலக் கோட்டு அந்தக் கையைப் பிடித்தது. ஏறும் முன் ஒரு தரம் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. தொப்பிக்குள் பனி. முகம் இருக்கும் இடம் நிறைய, பனி மட்டும்.

கதவு மூடிக்கொண்டது. விளக்குகள் திரும்பின.

மைக்குக்கு ஓடினாள். அழுத்தினாள். "டெல்மர். டெல்மர். டெல்மர்." விட்டாள்.

லாரியில் யாரோ பொத்தானை அழுத்திப் பிடித்திருந்தார்கள். பேச்சில்லை. முள் மறுகோடியில் ஒட்டி நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, இறங்கத் தொடங்கியது.