தீயில் இறங்காத ராணி

அந்தத் தூண் கல்தூண் என்றுதான் அவள் நம்பினாள். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். இரண்டு ஆள் உயரம், அடியில் பச்சைப் பாசி, உளி பட்ட தழும்புகள்... மழையோ பிய்த்துக்கொண்டு ஊற்றுகிறது. ஒரு கையில் பை, மறு கையில் வார் அறுந்த செருப்பு. ஓடி வந்தவள் "அப்பாடா" என்று அதன்மேல் முதுகைச் சாய்த்தாள்.

தூண் சாய்ந்தது. கூடவே அவளும்.

"ஐயோ!" என்று ஒரு குரல். அவளுடைய குரல் இல்லை. தூணுக்கு அடியிலிருந்து வந்தது.

உடைந்த தெர்மாகோல் துண்டுகளை விலக்கிக்கொண்டு ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொடி உருண்டைகள். கையில் பிடித்திருந்த எழுதும் அட்டையை மட்டும் விடவில்லை.

"ஆயிரத்து ஐந்நூறு வருஷமா நின்ன தூணுங்க இது. ஒரே தள்ளுல முடிச்சுட்டீங்களே!"

"கல்லுன்னு நினைச்சேன்..."

"எல்லாரும் அப்படி நினைக்கணும்னுதான் பத்துப் பேர் உட்கார்ந்து பெயிண்ட் அடிச்சாங்க."

"சாரிங்க... அடி எதுவும் படலையே?"

"தெர்மாகோல் விழுந்து உடம்புல எங்க அடிபடும்? மனசுலதான்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டாள். ஆனால் வாய் சும்மா இருக்குமா? அது பிறவிக் குணம்.

"ஒண்ணு சொல்லவா? விழுந்ததும் நல்லதுதான். அந்தக் காலத்து அரண்மனைல கல்தூணே கிடையாது. எல்லாம் மரம். தூண் நட்ட குழியைத்தான் நாங்க தோண்டிப் பார்த்திருக்கோம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பொடி அப்பிய இமைகளுக்கு நடுவே இரண்டு கண்கள்... எதையும் அவசரமில்லாமல் பார்க்கிற கண்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் கண்கள். இப்படி ஒரு பார்வையை அவள் யாரிடமும் கண்டதில்லை.

"ஓ... மியூசியத்துல இருந்து வர்ற ஆலோசகர் நீங்கதானா? பரவாயில்லை, முதல் ஆலோசனையையே முதுகால சொல்லிட்டீங்க."

அந்தப் பிரம்மாண்டமான தகரக் கொட்டகைக்குள் வளர்ந்துகொண்டிருந்தது ஒரு சரித்திரப் படம். போரில் இறந்துபோன ஒரு இளம் அரசன், அவனுடைய ராணி... இதுதான் கதை. வசனம் எழுதுபவன் இவன். டைரக்டர் இவனுடைய அண்ணன். அதனால் யூனிட்டில் இருந்த அத்தனை பேருக்கும், தலை நரைத்த லைட்மேனுக்குக்கூட, இவன் 'தம்பி'தான்.

"உங்களை நான் எப்படிக் கூப்பிடறது?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"எல்லாரும் தம்பின்னுதான்..." என்று ஆரம்பித்தவன், அவளைப் பார்த்து நிறுத்தினான். "நீங்க மட்டும் வேண்டாம். தயவுசெஞ்சு."

காது மடல் சூடாகிப்போனது அவளுக்கு. மழையில் நனைந்தால் காய்ச்சல் வரத்தானே செய்யும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்!

அவளுக்கும் அங்கே ஒரு பெயர் விழுந்தது. 'எலும்பு மேடம்.' ஏனென்றால் அவள் வேலை எலும்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு மேட்டில் இரண்டு கல்லறைகள் அருகருகே கிடைத்தபோது, குழிக்குள் குப்புறப் படுத்து, மெல்லிய தூரிகையால் மண்ணை நீக்கியவள் அவள். ஒன்று அரசன். இன்னொன்று ராணி. படமே அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து முளைத்ததுதான்.

அவன் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். ராணி எதில் தண்ணீர் குடித்திருப்பாள்? தரையில் உட்கார்ந்திருப்பாளா? எவ்வளவு உயரம்? மற்றவர்கள் இரண்டாவது கேள்வியில் கொட்டாவி விடுவார்கள். இவன் ஒரு பதிலுக்கு மூன்று கேள்வி வைத்திருந்தான். தேநீர் ஆறிப்போகும். ஆறின தேநீரை இருவரும் முகம் சுளித்துக்கொண்டு குடிப்பார்கள். மறுநாளும் அதே கதை.

ஒரு மதியம் அவனே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டான். "அவங்களை நான் பார்க்கலாமா?" என்றான். ஏதோ பெரிய மனுஷியைச் சந்திக்க அனுமதி கேட்பதுபோல.

நீளமான இழுப்பறையை மெதுவாக இழுத்தாள். பஞ்சு விரிப்பின்மேல் ராணி படுத்திருந்தாள்.

"பல்லெல்லாம் இப்படித் தேய்ஞ்சிருக்கே..." என்றான் அவன் தணிந்த குரலில்.

"வயசுங்க. அறுபத்தஞ்சுக்கு மேல. இதோ, வலது கை ஒரு தடவை உடைஞ்சு கூடியிருக்கு. முட்டியைப் பாருங்க, நிறைய நடந்தவங்க."

"ராஜா?"

"அடுத்த இழுப்பறை. முப்பதுகூட ஆகலை. கழுத்துல வாள் வெட்டு."

அவன் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்படின்னா அவர் போன பிறகு நாற்பது வருஷம்..."

"இருந்திருக்காங்க. சும்மா மூலையில உட்கார்ந்து இல்லை. ராஜமுத்திரை மோதிரம் இவங்க விரல்லதான் இருந்துச்சு. ஆண்டிருக்காங்க."

"பேரு?"

"தெரியாது. அது எங்கயும் கிடைக்கலை."

அவன் குனிந்து அந்த விரல் எலும்புகளைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். அவளும் அதே நேரம் நிமிர்ந்தாள். அவன் கண்கள் ஈரமாக இருந்தன. இது என்னடா வம்பு, எலும்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறதே... அவள் இழுப்பறையைப் படக்கென்று மூடினாள். அவன் விரல் நசுங்கியது தனிக் கதை.

அன்றிலிருந்து அவளுக்குக் கொட்டகைக்குப் போகும் நாள்களில் மட்டும் தலை வாரக் கூடுதல் நேரம் பிடித்தது. "எலும்புக்குக் கண்ணு தெரியுமாடி?" என்று அம்மா கேட்டாள். அவள் வகிடு எடுப்பதில் மும்முரமானாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த விறகைப் பார்க்கும்வரை.

கொட்டகைக்குப் பின்னால் திறந்தவெளியில் கட்டை கட்டையாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "எதுக்குங்க இவ்வளவு விறகு?" என்று கேட்டாள்.

"கிளைமாக்ஸுக்கு மேடம். ராஜாவோட சிதை. ராணி ஓடி வந்து குதிப்பாங்கல்ல..."

அவன் எங்கே? அங்கேதான், நாற்காலியில், எழுதும் அட்டையோடு. இவளைப் பார்த்ததும் எழுந்தான். அவன் முகமே சொல்லிவிட்டது.

"கடைசிக் காட்சி இன்னும் முடிவாகலைன்னு சொன்னீங்க..."

"சொன்னேன்..."

"தெரிஞ்சுக்கிட்டே சொன்னீங்க. என் காதுல பூ சுத்தினீங்க!"

"அண்ணன் ஆரம்பத்துலயே முடிவு பண்ணது. எப்படியாவது மாத்திடலாம்னு நினைச்சேன். நேரம் பார்த்துப் பேசலாம்னு..."

"எரிச்சிருந்தா எனக்கு எலும்பு எங்கருந்து கிடைச்சிருக்கும்? ரெண்டு பேரையும் முழுசாப் புதைச்சிருக்காங்க. அதை உங்க கண்ணால பார்த்தீங்களே!"

"குழியை விட நெருப்பு திரையில நல்லா இருக்கும்னு அண்ணன்..."

"அண்ணன், அண்ணன், அண்ணன்! என்கிட்ட மணிக்கணக்காப் பேசறீங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேச வாய் வரலையா?" குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள். "இந்தப் படம் வந்துட்டா அவ்வளவுதான். நான் கத்திக் கத்தி என்ன சொன்னாலும் எடுபடாது. மியூசியத்துக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம், 'தீயில குதிச்ச ராணி எங்க ஆன்ட்டி?'ன்னுதான் கேட்கும். அவங்க வாழ்ந்த நாற்பது வருஷத்தையும் ஒரே ராத்திரியில எரிச்சுடுவீங்க. என் பேரை எடுத்துடுங்க. படத்துல எங்கயும் வரக் கூடாது."

திரும்பி நடந்தாள். பின்னால் அவன் வருவான் என்று முதுகு காத்திருந்தது. அவன் வரவில்லை.

அதன் பிறகு அவள் பட்ட பாடு இருக்கிறதே... போன் அடித்தால் பாய்வாள். அவன் எண் என்று தெரிந்ததும் எடுக்க மாட்டாள். அடிக்காவிட்டால் அடிக்கவில்லையே என்று எரிச்சல். ஒரு வாரம் இப்படியே ஓடியது.

அம்மா டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். எல் போர்டு மாட்டிய காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு வண்டி கற்றுக்கொடுத்தவள். அன்று காலை காரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்னடி, எத்தனை நாளைக்கு இந்த மூஞ்சி?"

சொன்னாள். ராணி, விறகு, அவன், அண்ணன், எல்லாம். அம்மா துணியைப் பிழிந்து உதறினாள்.

"உங்கப்பா போனப்போ எனக்கு இருபத்தாறு வயசு. நீ இடுப்புல. வந்தவங்க எல்லாம் 'இனிமே இவ எங்க வாழப் போறா'ன்னு ஒப்பாரி வச்சாங்க. அடுத்த மாசம் நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சேன். அதுக்காக உங்கப்பா மேல எனக்கு ஆசை இல்லைன்னு ஆயிடுமா?" துணியைக் கார் கதவின்மேல் போட்டாள். "கோபத்தை என்கிட்ட காட்டி என்ன பிரயோஜனம்? யார்கிட்ட காட்டணுமோ அங்க போய்க் காட்டு. ஏறு வண்டில."

அம்மா ஓட்டிய வேகத்தைப் பற்றி இங்கே எழுதாமல் இருப்பது நல்லது. அவள் தொழிலுக்கு ஆகாது.

கொட்டகைக்குப் பின்னால் கூட்டம். காமிரா தயார். விறகின்மேல் எண்ணெய் ஊற்றியாயிற்று. ஆனால் யாரும் அசையவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள்.

டைரக்டருக்கு எதிரில் அவன் நின்றுகொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கால் அசையவில்லை.

"...எழுத மாட்டேன்னா எழுத மாட்டேன்தான் அண்ணா. நீங்க வேற யாரையாவது வச்சு எழுதிக்கோங்க. என் பேர் வேண்டாம்."

"டேய், எத்தனை பேர் முன்னாடி என்ன பேசறே?"

"நேத்து வரைக்கும் தனியாத்தான் பேசினேன். தினமும் பேசினேன். நீங்க காதுலயே வாங்கலை."

தினமும் பேசினானா! நான் போனை எடுத்திருந்தால்... அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டைரக்டரின் பார்வை அவள் பக்கம் திரும்பியது. "வாங்கம்மா, உங்க வேலைதானா இது? இருபது வருஷமா என் பேச்சை மீறாதவன். நீங்களே சொல்லுங்க, காதல்னா என்ன? அவன் இல்லாம ஒரு நிமிஷம் இருக்க முடியாதுங்கறதுதானே? குதிச்சாத்தானே ஜனம் அழும்?"

அவள் பின்வாங்குவதற்கு வரவில்லை.

"சார், அதோ அந்தக் காருக்குப் பக்கத்துல நிக்கறாங்களே, அவங்க எங்க அம்மா. எங்க அப்பா போனப்போ இருபத்தாறு வயசு. குதிக்கலை. என்னைப் படிக்க வச்சாங்க. தனியா அழுதிருக்காங்க, நான் பார்த்திருக்கேன். காலையில எழுந்து வேலைக்குப் போனாங்க. அவங்களை நேராப் பார்த்துச் சொல்லுங்க, உங்க காதல் கம்மின்னு. சொல்லிட்டு அப்புறம் நெருப்பு வைங்க."

டைரக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தாள். முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்தான்.

"சரிம்மா... குதிக்கலைன்னா என்னதான் பண்ணுவா? படத்தை எப்படி முடிக்கறது?"

அவன் அட்டையிலிருந்து ஒரு தாளை உருவி, ராணியாக நடிக்கும் நடிகையிடம் கொடுத்தான். முழு ஒப்பனையில் இருந்த அந்த நடிகை, கிரீடம் குத்துகிறதே என்று சொறிந்துகொண்டு நின்றிருந்தாள். படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கிரீடத்தைக் கழற்றி உதவிப் பெண்ணிடம் கொடுத்தாள்.

"சார், நெருப்புல நான் ஏற்கெனவே ரெண்டு படத்துல குதிச்சாச்சு. இதை நடிச்சுக் காட்டறேன். பிடிக்கலைன்னா மறுபடியும் குதிக்கறேன்."

குனிந்து தரையிலிருந்து மண்ணை அள்ளி இரண்டு கையிலும் பூசிக்கொண்டாள். தாளில் இருந்த காட்சி இது: கணவனைப் புதைத்துவிட்டு நேராக சபைக்கு வருகிறாள் ராணி. மந்திரிகள் அடுத்த அரசன் யார் என்று அடித்துக்கொள்கிறார்கள். நடிகை யாரையும் பார்க்காமல் நடந்தாள். அங்கே கிடந்த ஒரு நாற்காலியை அரசனின் காலி ஆசனமாக்கி அதன் முன் நின்றாள். அதன் கைப்பிடியை, அரசன் கை பட்ட இடத்தை, ஒரு முறை தடவினாள். உட்கார்ந்தாள். மண் அப்பிய விரலில் ராஜமுத்திரை மோதிரத்தை மாட்டிக்கொண்டாள். வாசலைப் பார்த்தாள்.

"வெகுநேரமாகக் காத்திருக்கிறார்கள். முதல் வழக்கை வரச் சொல்லுங்கள்."

அவ்வளவுதான் வசனம்.

நரைத்த லைட்மேன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். டைரக்டர் விறகு வரை நடந்து போய் நின்றார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"விறகையெல்லாம் எடுங்கடா... தம்பி, சபைக் காட்சிக்கு எல்லாரையும் கூப்பிடு." அதே மூச்சில், "கல்தூணையும் தூக்குங்க. மரத்தூணாம்!" என்று எரிந்து விழுந்தார்.

மாலையில் மறுபடியும் தூறல். கொட்டகையின் வாசல் கூரைக்கு அடியில் அவளும் அவனும். அம்மா காருக்குள் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்து மதிலை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனை எடுக்காததுக்கு சாரி," என்றாள் அவள்.

"மறைச்சதுக்கு நான்தான் சொல்லணும். பயந்துட்டேன். அண்ணனுக்கு மட்டும் இல்லை... விறகைப் பத்திச் சொன்னா நீங்க மறுநாள் வர மாட்டீங்களேன்னு." கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பார்த்தான். பிறகு அவளை. "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. நீங்க இல்லைன்னா நான்..."

"செத்துடுவேன்னு மட்டும் சொன்னீங்க, இப்பவே காருல ஏறிடுவேன்."

"சாக மாட்டேங்க! இருப்பேன். காலையில எழுந்திருப்பேன், எழுதுவேன், அண்ணன்கிட்ட திட்டு வாங்குவேன்." குரல் தழைந்தது. "ஆனா ஒவ்வொரு வரி எழுதினதும் தலையைத் தூக்கி உங்களைத் தேடுவேன். இந்த ஒரு வாரமும் அப்படித்தான் தேடினேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் வாழ்ந்துடுவேன். சரின்னு சொன்னா... நல்லா வாழ்வேன்."

மூக்கின் நுனியில் ஒரு துளி மழை. துடைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. இந்த நிமிஷத்துக்கு ஏதாவது அழகாகச் சொல்ல வேண்டும் என்று தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. வசனம் எழுதுகிறவன் அவன்தானே!

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். கண்ணை எடுக்காமல், குரல் நடுங்காமல். "நீங்க இல்லாமலும் என்னால இருக்க முடியும். ஆனா... உங்களோட இருக்கணும்னுதான் ஆசையா இருக்கு."

அவன் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.