ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்

அணைத்து, அரிசி டிரம்முக்குள் புதைத்து மூடிய செல்போனிலிருந்து பதில் போய்க்கொண்டிருந்தது.

செல்வகுமாரிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். உறுவையாறு கிராமத்தில் கரும்பு வெட்டிப் படிக்க வைத்த அமிர்தத்தின் மகள் அவள், அந்த வீட்டின் முதல் டிகிரி. வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாத்திரைக் கம்பெனியில் ஸ்டாக் எழுதுகிறாள். இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. மேனேஜர் ராஜ்மோகன் வாட்ஸ்அப் குரூப்பில் எதைப் போட்டாலும் இரண்டு நிமிஷத்துக்குள் ‘நோட்டட் சார்’ போட வேண்டும். போடாதவர்கள் பேரை எல்லோரும் பார்க்கிற மாதிரி வரிசையாக எழுதுவார். வெள்ளிக்கிழமை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள், ஆறு மணிக்கு மேலும் ஞாயிறும் போனைத் தொடமாட்டேன் என்று.

“தொடாதம்மா. வேல நடந்தா போதும் எனக்கு,” என்று சிரித்தார்.

இன்று அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதாகச் சத்தியம் செய்திருந்தாள். மீன்குழம்பு கொதித்து இறங்கிவிட்டது. அம்மா கொல்லைக்கு இலை அறுக்கப் போயிருந்தாள். அவள் வைத்துவிட்டுப் போன போனில்தான் கைருன்னிசா கூப்பிட்டாள், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரி.

“இன்னாடி, பெரிய வீராப்பா பேசுன? எங்களுக்கு முன்னாடி நீதான் நோட்டட் போட்டுக்கினு இருக்க!”

“போனே ஆஃப்ல கெடக்குதுடி.”

“அப்ப வீடியோ மீட்டிங்ல உக்காந்திருக்கறது இன்னா, உன் டூப்பா? இரு, அனுப்பறேன்.”

எவனோ ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவள் கணக்கைத் திறந்துவைத்துக்கொண்டு ஆடுகிறான். படுபாவிகள். டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை விட்டாள். வேப்பிலைக் கசப்பும் சாக்கு வாசனையும் மூக்கில் ஏற, குளிர்ந்த அரிசி விரலிடுக்கில் நழுவி நழுவி வழிவிட, அடித்தகரம் நகத்தில் தட்டும் வரை துழாவினாள்.

போன் இல்லை.

அம்மாவின் போனில் படம் வந்து விழுந்தது. ஒன்பது கட்டங்கள், ஒன்பது முகங்கள். ஆறாவதில் அவள். ஆபீஸ் சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை. முதுகுக்குப் பின்னால் ரோஸ் சுவர், அதில் ஓதம் பூத்த திட்டு, இரும்புக் கட்டிலின் கால்.

அவர்கள் வீட்டு உள்ளறை.

பத்து மணிக்கே கரண்ட் போயிருந்தது. மின்விசிறி நின்ற வீட்டில், கூரைத் தகரம் வெயிலில் முறுகுவதும் வெளியே கரும்புத் தோகை ஒன்றையொன்று உரசுவதும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்த நடுப்பகலில், வேறொரு சத்தமும் இருந்தது, வெகுநேரமாகவே இருந்திருக்கிறது.

டக். டக். டக்.

கண்ணாடியில் எதுவோ கெட்டியாகத் தட்டுகிற சத்தம்.

கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினாள்.

முதுகு. அவளுடைய பின்னல். மடியில் அவளுடைய போன். திரை கறுப்பு. அதன்மேல் இரண்டு கட்டைவிரல்கள். நகமில்லை. சதையில்லை. வெள்ளையாக எலும்பு.

டக். டக்.

“குமாரி! தலவாழ எலையே கெடச்சிடுச்சி, வாடி,” வாசலில் அம்மா.

அம்மா என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை.

“மீட்டிங்ல இருக்கேம்மா,” என்றது கட்டிலில் இருந்தது. அவள் குரலில்.

“எழவெடுத்த கம்பெனி. இன்னிக்குமா?”

அம்மா உள்ளே வந்தாள். எதிரே கையை நீட்டி நின்ற மகளைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். பார்க்கவில்லை. அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள் குமாரி. ஈயை விரட்டுவதுபோல அம்மா அந்த இடத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

இரண்டு பேருக்கான சோற்றையும் ஒரே தட்டில் கொட்டிப் பிசைந்தாள். உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் உட்கார்ந்தாள்.

“ஆ காட்டுடி.”

அது வாயைத் திறந்தது. கண் திரையை விட்டு அசையவில்லை. அம்மா முள் பார்த்துப் பார்த்து ஊட்டினாள். நடுநடுவே, போன் கண்ணாடியில் உதிர்ந்துகிடந்த சதைத் துணுக்குகளை முந்தானையால் பதமாகத் துடைத்துவிட்டாள்.