ஆறரை அங்குலம்

மூடி சூடாக இருந்தது.

காலையிலிருந்து ஒரு பொட்டு வெயில்கூடப் படாத வேப்பமர நிழலில் கிடந்த இரும்பு மூடி அது. வாஹித் கையை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பானையின் தட்டைப் போல வெதுவெதுத்தது. போல்ட்டைத் தளர்த்தியதும் உள்ளிருந்து நீளமாக ஒரு காற்று கிளம்பி அவர் முகத்தில் அடித்தது. அழுகிய வாழைப்பழமும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை தொண்டைக்குழியில் போய் ஒட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கியும் இறங்கவில்லை.

ஆறு வருடமாகக் காய்ந்து கிடக்கும் போர்வெல். அறுநூறு அடி ஆழம். மோட்டாரை வெளியே எடுத்து, இந்த மூடியைப் போட்டு இறுக்கியதே அவர்தான்.

"மூணு நாளா இப்பிடித்தான் பாய்," என்றாள் கௌரியம்மாள். "உள்ள யாரோ தட்டிக்கினே இருக்கிற மாதிரி கேக்குது. நான் ஒருத்தியா இந்த ஊட்டுல இன்னா பண்ணுவேன்?"

"காத்து அடைச்சிகினு இருக்கும்க்கா. பாத்துரலாம்."

சொல்லிவிட்டாரே தவிர, காய்ந்த போருக்குள் காற்றை யார் அடைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நூறு அடி தள்ளி, காட்டாமணக்குப் புதருக்கு அப்பால், கம்பெனியின் நீல மதில் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

வாஹித்துக்குத் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் மெக்கானிக் கடை. போருக்குள் கேமரா இறக்கிப் பார்க்கிற வேலையும் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒவ்வொரு போரிலும் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வரத் தொடங்கியபோது, இறக்கிய இடத்திலெல்லாம் கம்பெனியைப் பார்த்த பக்கத்துப் பாறைதான் கறை பிடித்திருந்தது. மாத்திரைகளுக்கு மூலப்பொருள் தயாரிக்கிற கம்பெனி. கழிவைச் சுத்திகரிப்பதற்குப் பதிலாக, மதிலுக்குள் இருக்கும் பழைய போரில் மோட்டார் வைத்து பூமிக்குள்ளேயே தள்ளிக்கொண்டிருந்தது.

நான்கு மனு கொடுத்தார். முதல் மனுவுக்கு அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் வருமுன்பே கம்பெனி வாசல் கழுவிக் கோலம் போட்டிருந்தது. கம்பெனி காட்டிய குழாயில் தண்ணீர் பிடித்துப் போய், அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதாக எழுதி அனுப்பினார்கள். இரண்டாவது மனு வேறு துறைக்குப் போனது. மூன்றாவதை அந்தத் துறை முதல் துறைக்கே திருப்பி அனுப்பியது. நான்காவதுக்கு, போதிய ஆதாரம் இல்லை என்று ஒரே வரி.

ஆதாரத்துக்கு உள்ளே இருக்கும் ஆள் வேண்டும். கௌரியம்மாளின் கணவர் துரைக்கண்ணு அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன். "கண்ணால பாத்துகினு தானே இருக்கேன் பாய். லீவு நாளாப் பாத்து, பட்டப்பகல்லயே உள்ள உடுறானுங்க," என்றார். வாஹித்தான் எழுதினார். வாஹித்தான் பேனாவைக் கையில் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை அந்த ஐந்தாவது மனுவை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இன்ஜினியர் ஜெகநாதனிடம் நேரில் சேர்த்தார். வியாழக்கிழமை டியூட்டிக்குப் போன துரைக்கண்ணு திரும்பவில்லை. வேலையை விட்டுப் போய்விட்டார் என்றது கம்பெனி. கோவித்துக்கொண்டு போயிருப்பார், வருவார் என்றது போலீஸ். போன வருடம் கம்பெனியில் பெருக்கப் போன பெண் திரும்பாதபோதும் அதையேதான் சொன்னது. அது சித்திரையில். இப்போது ஆடி.

அதற்காகக் கௌரியம்மாள் இதுவரை அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

மலையில் ஆடிக் கிருத்திகை. நெடுஞ்சாலையில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. பம்பைச் சத்தமும் அரோகராவும் காற்று திரும்பும்போதெல்லாம் வயலைத் தாண்டி வந்து அடங்கின. போலீஸ், தாலுகா ஆபீஸ், எல்லோருக்கும் கோயிலில்தான் வேலை. கம்பெனி கேட்டிலும் பூட்டு தொங்கியது. ஆனால் மதிலுக்குள் எங்கோ ஒரு மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

கேமராவை இறக்கினார். ஒரு சாண் நீள எஃகுக் குழாய், முனையில் வட்டமாக விளக்குகள். பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்த சின்னத் திரையில் இரும்புக் குழாயின் துரு நகர்ந்தது, பிறகு பாறை. மூலையில் அடிக்கணக்கு எண்ணாக ஓடியது. நூறு அடி. இருநூறு. பாறை வியர்த்திருந்தது. முந்நூற்றுப் பத்தாவது அடியில், கம்பெனிப் பக்கம் பாறை வெடித்து ஒரு வாய் திறந்திருந்தது. அதிலிருந்து கழிவு கறுப்பாகப் பீறிட்டது. மதிலுக்குள் மோட்டார் உறுமும்போது பீறிட்டது. அது ஓய்ந்தால் வடிந்தது.

வாஹித்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போனை எடுத்து ஜெகநாதனை அழைத்தார்.

"சார், இப்பவே உட்டுகினு இருக்கானுங்க சார். கேமராவுல பதிவாயிகினு இருக்குது. அரை மணி நேரத்துல வந்தீங்கன்னா கையோட புடிச்சிரலாம்."

"பாய், இன்னிக்கு கிருத்திகை. நான் மலைமேல டியூட்டில இருக்கேன்."

"வேற யாரையாவது அனுப்புங்க சார்."

"ஆளே இல்லீங்க. திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுங்க."

"திங்கக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் கழுவி உட்ருவானுங்க சார்!"

"நீங்க எடுத்த வீடியோவெல்லாம் செல்லாது பாய். நாங்க வந்து எடுத்தாத்தான் சாம்பிள்." போன் அடங்கியது.

எழுதிக் குடுங்க. ஆறாவது முறை. கையிலிருந்த போனை அந்தக் குழிக்குள்ளேயே எறிந்துவிடலாம் போலிருந்தது.

"இன்னா சொன்னாரு?" என்றாள் கௌரியம்மாள்.

"திங்கக்கிழமையாம்."

"அவரு காணாமப் போனப்பவும் ஸ்டேஷன்ல திங்கக்கிழமை வான்னுதான் சொன்னாங்க."

அப்போது குழாய்க்குள் கேட்டது.

டொக். டொக். டொக்.

கேமரா பாறையில் இடிக்கிற சத்தம் இல்லை. கேமரா அசையாமல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வாஹித் பல்லைக் கடித்துக்கொண்டு கேபிள் உருளையின் கைப்பிடியைச் சுற்றினார். முந்நூற்று ஐம்பது. நானூறு. வாடை கூடியது, கண் எரிந்தது. நானூற்றுப் பன்னிரண்டில் கேபிள் தொய்ந்தது. கேமரா எதன்மீதோ உட்கார்ந்துவிட்டது. மெத்தென்ற எதன்மீதோ.

கலங்கல் மெல்லத் தெளிந்தது. துணி. காக்கித் துணி. அதில் ஒரு பட்டன், வெள்ளை நூலில் தைத்தது.

கௌரியம்மாள் திரைமுன் மண்டியிட்டாள். "காக்கி நூல் இல்லாம நான் தெச்சது," என்றாள். குரலில் அழுகை இல்லை. "அவரு சட்டை பாய் இது."

ஆறரை அங்குல அகலம். ஒரு குடம் நுழையாது. இவர் கையால் இறுக்கிய மூடி. நானூறு அடிக்குக் கீழே, பாறைக்கு நடுவில், ஒரு சட்டை எப்படி வரும்? வெடிப்பு வழியாகத் துணி வந்திருக்கும் என்று அவர் மனம் அவசரமாக ஒரு கணக்குப் போட்டது. துணி மட்டும். வெறும் துணி.

துணி விலகியது. முகம்.

திரையின் வட்டத்தை விளிம்புக்கு விளிம்பு அடைத்துக்கொண்டு, பானையில் அழுத்தி வைத்த மாவு மாதிரி, துரைக்கண்ணுவின் முகம். கண் மூடியிருந்தது. வெளிச்சம் பட்டதும் திறந்தது.

வாஹித் கைப்பிடியை மேல்நோக்கிச் சுற்றினார். வெறிபிடித்தவர் போலச் சுற்றினார். நானூறு. முந்நூற்றுத் தொண்ணூறு. படம் மாறவில்லை. படம் உறைந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் அந்த முகத்தின் இரண்டு காதோரமும் பாறை கீழ்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முகம் அதே இடத்தில். அதே அளவில். கேமராவோடு கூடவே.

முந்நூற்றுப் பத்து. வெடிப்பிலிருந்து கழிவு அதன் நெற்றியில் பீறிட்டது. கண் இமைக்கவில்லை.

வாஹித் கையை எடுத்தார்.

எண் குறைவது நிற்கவில்லை.

முந்நூறு. இருநூற்றுத் தொண்ணூறு. யாரும் சுற்றாமலே கேபிள் குழாயின் வாயிலிருந்து தானாக வெளியே வந்து விழுந்தது. ஈரமாக. சூடாக. அவர் காலடியில் சுருள் சுருளாக.

இருநூறு.

மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "நவுருங்கக்கா! மூடிரணும்! நவுருங்க!"

கௌரியம்மாள் நகரவில்லை. குழாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உடு பாய்."

"அது அவரு இல்லக்கா!"

"உன் பேச்சக் கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டாரு," என்றாள் அவள். முதல்முறையாக. "எத்தினி பேரு கால்ல உழுந்தேன். யாரும் தேடல. அவரே வந்துகினு இருக்காரு. உடு."

மூடி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. வேறு எதையும் அவரால் செய்ய முடியவில்லை. ஓடக்கூட.

நூறு. ஐம்பது. அரோகரா, எங்கோ, மிகத் தூரத்தில். மதிலுக்குள் மோட்டார் உறுமியது.

கேமரா வெளியே துப்பப்பட்டு மண்ணில் உருண்டது. திரையில் வேப்பிலையும் வானமும்.

குழாயின் விளிம்பில் விரல்கள். நான்கு. பிறகு கட்டைவிரல். நகமில்லாத, டிகாஷன் நிறத்து விரல்கள். கௌரியம்மாள் அவற்றைத் தன் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். "வந்துட்டேன், வந்துட்டேன்," என்றாள், குழந்தையிடம் சொல்வது போல. இழுத்தாள்.

இன்னொரு கை. அதுவும் விளிம்பைப் பிடித்தது.

அவள் சிரித்தாள்.

அந்த இரண்டுக்கும் இடையில் கிடந்த சிறிய சந்தில், நெளிந்து நெளிந்து, மூன்றாவது கை ஒன்று மேலே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அதில் கண்ணாடி வளையல்கள் இருந்தன.