வாசலில் கிடந்தவள்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகும் பாசஞ்சர் கைதக்கடவில் நின்றபோது மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. மாலை நேரம்தான். ஆனாலும் மிதுன மாதத்து மேகம் தென்னந்தோப்புகளின் தலையில் உட்கார்ந்துகொண்டு பகலை முன்னதாகவே அணைத்துவிட்டிருந்தது. புது ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்ரீகண்டன் டிரங்குப் பெட்டியோடு முதலில் இறங்கினார். பின்னால் அவர் மனைவி விஜயம், இடுப்பில் ஒரு கூடையும் கையில் குமுட்டி அடுப்புமாக இறங்கினாள்.

இருவரும் திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்துத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு கிராமத்து ஸ்டேஷனில் குடித்தனம் வைப்பது இதுதான் முதல் தடவை. பின்புறம் காயல் இருந்தது. கயிறு திரிக்க ஊறப்போட்ட தேங்காய்த் தொண்டு அழுகும் நாற்றம் அவ்வளவு மழையிலும் அடங்காமல் மூக்கில் ஏறியது.

பழைய ஸ்டேஷன் மாஸ்டர் சேஷன் பிளாட்பாரத்திலேயே காத்திருந்தார். முறைப்படி சார்ஜ் ஒப்படைக்க அரை நாளாவது ஆகும். அவரோ சாவிக்கொத்தை ஸ்ரீகண்டனின் கையில் திணித்தார்.

"எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். சந்தேகம்னா பாயிண்ட்ஸ்மேன் தாசையனைக் கேளுங்கோ."

சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஸ்ரீகண்டனின் முகத்தை அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்டேஷன் என்பது வெட்டுக்கல்லில் கட்டிய ஒரே கட்டடம். தாழ்ந்த ஓட்டுக் கூரை. பிளாட்பாரத்திலிருந்து ரோட்டுக்குப் போக அதன் வாசல் ஒன்றுதான் வழி. இரு பக்கமும் தாழைப் புதர் வேலியாக வளர்ந்து கிடந்தது. ஸ்ரீகண்டன் பெட்டியைத் தலைக்குமேல் பிடித்தபடி வாசலுக்கு ஓடினார்.

படியில் குறுக்காக ஒரு பெண் படுத்திருந்தாள்.

அழுக்குப் புடவை. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. மழைக்கு ஒதுங்கிய பிச்சைக்காரியாக இருக்கும் என்று நினைத்தார். உண்மையில் அதைக்கூட அவர் சரியாக நினைக்கவில்லை. பெட்டி கனத்தது, சட்டை நனைந்துகொண்டிருந்தது. காலைத் தூக்கி அவளைத் தாண்டி உள்ளே போனார்.

"ஏன்னா, யாரோ படுத்துண்டிருக்காளே" என்றாள் விஜயம் பின்னாலிருந்து.

"இருக்கட்டும். நீ தாண்டி வா. நனையறே பார்."

அவள் வரச் சற்றுத் தாமதமாயிற்று. வந்தபோது தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

பெட்டியை ஸ்டேஷனை ஒட்டியிருந்த குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டு, டிக்கெட் அறையைப் பூட்ட ஸ்ரீகண்டன் லாந்தரோடு திரும்பி வந்தார். வாசலில் யாரும் இல்லை. படி மட்டும் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரமாக இருந்தது. அங்கே தொண்டு நாற்றம் இல்லை. வேறு நாற்றம். நோயாளி படுத்திருக்கும் அறையில், பல நாள் ஜன்னல் திறக்காமல் இருந்தால் வருமே, அந்தப் புளித்த நெடி.

போய்விட்டாள் என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் பிற்பாடு அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை மழை விட்டு வெயில் எறித்தது. திருவனந்தபுரம் வண்டிக்கு ஆட்கள் வந்தார்கள். மீன்கூடையோடு பெண்கள், கச்சேரிக்குப் போகும் குமாஸ்தாக்கள், கயிறு வியாபாரி திரவியம். ஸ்ரீகண்டன் கொடியோடு பிளாட்பாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வந்த மீன்காரி வாசலில் முண்டின் ஓரத்தைச் சற்றே உயர்த்திப் பிடித்தாள். காலைத் தூக்கி அகல எட்டு வைத்தாள்.

அடுத்தவளும் அப்படியே.

குமாஸ்தாவும் அப்படியே.

படியில் ஒன்றுமில்லை. வெறும் கல். ஆனால் அத்தனை பேரும் அதே இடத்தில், அதே உயரத்துக்குக் காலைத் தூக்கினார்கள். ஒருவரும் கீழே பார்க்கவில்லை. ஒருவரை ஒருவரும் பார்த்துக்கொள்ளவில்லை.

"அதென்ன ஓய், எல்லாரும் வாசல்லே காலைத் தூக்கறேள்?" என்று திரவியத்திடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

திரவியத்தின் முகம் சுருங்கிவிட்டது. "பழக்கம் சாமி" என்று முனகிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

சில நாள் கழித்து லீவில் வந்த பட்டாளத்துக்காரன் ஒருவன் அந்த வழியாக வந்தான். ஊருக்குப் புதியவன். யாரோ சொந்தக்காரரைப் பார்க்க வந்தவன். அவன் காலைத் தூக்காமல் சாதாரணமாக நடந்தான். வாசலில் எதிலோ இடறிக் குப்புற விழுந்தான். எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்பி, "பார்க்கலேம்மா, மன்னிச்சுக்கோ" என்றான்.

பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்பதைப் பார்த்தான்.

தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனான். முகம் வெளிறிவிட்டது. ரோட்டில் ஏறக்குறைய ஓடினான்.

அன்று பகலில், வண்டி இல்லாத நேரத்தில், ஸ்ரீகண்டன் தாசையனைக் கூப்பிட்டார். தாசையன் பாறசாலைப் பக்கத்துக்காரன். நடுவயதுக்காரன், அதிகம் பேசமாட்டான்.

"அந்த வாசல்லே என்ன இருக்கு, தாசையா? மறைக்காமச் சொல்லு."

தாசையன் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பின்னே, சொல்லாம முடியுமா சாறே" என்று மெல்ல ஆரம்பித்தான். "போன மேட மாசத்துல, கோடையில, ஊர் பூரா பேதி. பிச்சம்மாள்னு ஒருத்தி. தெக்கேருந்து தொண்டு தல்லி நார் எடுக்கிற வேலைக்கு வந்தவ. சொந்தம்னு ஆரும் கிடையாது. அவளுக்கும் பேதி கண்டுட்டு. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு தனியா அவளாட்டு நடந்து வந்தா. டிக்கெட்டும் எடுத்தா. அந்த வாசல்ல வந்ததும் கால் மடங்கிப்போச்சு."

"அப்புறம்?"

"தண்ணி கேட்டா. வண்டி வந்துட்டு. தொட்டா ஒட்டிக்கிடும்னு எல்லாருக்கும் பயம். முதல்ல ஒருத்தரு தாண்டினாரு. ஒருத்தரு தாண்டினதும் மத்தவங்களுக்கும் தாண்டலாம்னு ஆயிப்போச்சு. ஊரே அவளைத் தாண்டிப் போயி வண்டியில ஏறிச்சு சாறே. உயிரு இருந்துது அப்போ."

"சேஷன் பார்க்கலையா?"

"சேஷன் சாறு உள்ள இருந்து கதவைச் சாத்திக்கிட்டாரு."

ஸ்ரீகண்டன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீ என்ன பண்ணினே?"

"நானும் தாண்டினேன். டிரைவருக்கு டோக்கன் குடுக்கணும்ல, இல்லேன்னா வண்டி நகராது." தாசையன் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இந்த ஊருக்கு வண்டி நிக்காது சாறே, முன்னே. மனு மேல மனு குடுத்து, வெட்டுக்கல்லு எல்லாரும் தோள்ல சுமந்து கட்டின ஸ்டேஷன் இது. முதல் வண்டி வந்து நின்ன அன்னைக்கு, அதுல இருந்த அத்தனை பேருக்கும் இளநீ வெட்டிக் குடுத்துதாம். இங்க இருந்த எங்க மாமன் சொல்லுவாரு. அந்த ஊருதான். ஒரு வாய் தண்ணி குடுக்கல்ல."

ஸ்ரீகண்டனின் நெஞ்சில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இவர்களெல்லாம் இப்போது தாண்டுவது இல்லாதவளை. வந்த அன்று அவர் தாண்டியது அப்படியா? அவள் செத்தவள் என்று அவருக்குத் தெரியாது. உயிருள்ள மனுஷி என்று நினைத்துத்தானே காலைத் தூக்கினார். பேதியும் இல்லை, பயமும் இல்லை. சட்டை நனையக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து விஜயத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நான் தாண்டறச்சே என் புடவைத் தலைப்பைப் பிடிச்சா. ஐஸ் மாதிரி விரல். என்னமோ சொல்ல வந்தா. நான் வெடுக்குனு இழுத்துண்டு வந்துட்டேன்." அவள் அடுப்புக் கரியைத் தள்ளிவிட்டாள். "உங்களண்ட சொல்ல வெக்கமா இருந்தது. பயத்தாலே இழுக்கலே. புடவை அழுக்காயிடுமேன்னு இழுத்தேன்."

அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை வண்டிக்குக் கைகாட்டி இறங்கியிருந்தது. ஸ்ரீகண்டன் பிளாட்பாரத்தில் நின்றார். அப்போதுதான் குவார்ட்டர்ஸ் பக்கத்திலிருந்து விஜயம் வருவதைப் பார்த்தார். கையில் செம்பு. ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் நேரே வாசலுக்கு வந்து, படியிலேயே கால் மடக்கி உட்கார்ந்துகொண்டாள். காற்றில் எதையோ தூக்குவதுபோல இரு கைகளையும் நீட்டினாள். தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய மடி அமுங்கியது.

புடவை மெல்ல நனைய ஆரம்பித்தது. நனைந்த இடம் பரவிக்கொண்டே போயிற்று.

வண்டி வந்து நின்றது. வாசலுக்கு உட்புறம் கூட்டம் திகைத்து நின்றது.

"அம்மா, கொஞ்சம் ஒதுங்கணும். வண்டி போயிடும்" என்றார் முன்னால் நின்ற திரவியம்.

"தாண்டிப் போங்கோ" என்றாள் விஜயம்.

ஒருவரும் அசையவில்லை.

"தாண்டுங்கோளேன். பழக்கம்தானே?"

ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவியைத் தாண்ட அந்த ஊரில் ஒரு காலும் எழவில்லை. மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். திரவியம் தோள்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வண்டி மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. ஒரு மனுஷிக்காக இந்த ஊர் நிற்கும், இன்னொரு மனுஷிக்காக நிற்காது என்பதை அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டார்கள். எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

விஜயம் செம்பைச் சரித்தாள்.

தண்ணீர் விழுந்தது. ஆனால் தரையில் சிந்தவில்லை.

அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. மடக் மடக்கென்று, வறண்ட தொண்டை ஒன்று தண்ணீரை விழுங்கும் சத்தம்.

"வண்டி இன்னும் நிக்கறதான்னு கேக்கறா" என்று விஜயம் கணவரைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"நிக்கறது" என்று சொல்ல ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார். தலையை மட்டும் அசைத்தார். மனைவியின் அருகில் போய் நிற்கக்கூட அவருடைய கால்கள் துணியவில்லை.

விஜயத்தின் மடி சட்டென்று பாரம் விலகி நிமிர்ந்தது. கைகள் சரிய, அவள் வாசல் சுவரில் சாய்ந்தாள்.

கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு அருமைநாயகம் இறங்கி நின்றார். திருநெல்வேலிக்காரர். வாசலில் நடந்த எதுவும் அங்கிருந்து அவருக்குத் தெரியாது. விசிலை உதட்டருகே கொண்டுபோனவர், நிறுத்திக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்க சார். அந்தப் பொம்பள ஏறட்டும்."

ஸ்ரீகண்டன் சுற்றிலும் பார்த்தார். பிளாட்பாரத்தில் ஓர் ஆள் இல்லை.

அருமைநாயகம் மூன்றாம் வகுப்புப் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டார். யாரோ மெதுவாக ஏறுவதற்குக் காத்திருப்பவர்போல நின்றார். "பாத்தும்மா, பாத்து" என்றார். கதவைச் சாத்தினார். விசில் ஊதினார்.

அன்று கைதக்கடவிலிருந்து வேறு யாரும் ஏறவில்லை.

மதியத்துக்குள் படி காய்ந்துவிட்டது. நெடியும் போயிற்று. அடுத்த நாள் முதல் ஜனங்கள் அந்தக் கல்லில் கால் பதித்து நடந்தார்கள். முதல் சில நாள் குனிந்து, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தார்கள். திரவியம் தன் செலவில் வாசலருகே ஒரு தண்ணீர்ப் பானை வைத்தார். விஜயத்துக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்து இறங்கியது. எல்லாம் முடிந்தது என்று ஊர் நம்பியது. ஸ்ரீகண்டனும் நம்பப் பார்த்தார்.

ஆனால் அவள் ஏறிய மறுநாளே வேறொரு கார்டு வந்தார். அவரும் விசிலை எடுத்துவிட்டு, "ஒரு அம்மா வர்றாங்க, பொறுங்க" என்றார்.

அதற்கடுத்த நாளும் அப்படியே.

எந்தக் கார்டு வந்தாலும் அந்த ஸ்டேஷனில் மட்டும் வண்டி சற்றுத் தாமதித்துக் கிளம்பியது. கார்டுகளின் கண்ணுக்கு அவள் தெரிந்தாள். விஜயம்கூட ஒருநாள் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு நன்னா நடக்கறா" என்றாள். ஸ்ரீகண்டனுக்குத்தான் தெரியவில்லை. அவருக்கு அவள் ஒரே ஒருமுறை தெரிந்தாள். அப்போது அவர் பெட்டியைச் சுமந்துகொண்டு மழைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் கடந்து கன்னி மாதம் பிறந்திருந்தது. அருமைநாயகத்தின் முறை வந்த ஒரு காலையில், எல்லோரும் ஏறியாயிற்று. அவர் விசில் ஊதாமல் ஸ்ரீகண்டனின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிடக் கூடாது சார். அந்தப் பொம்பள உங்களுக்கு வேண்டியவளா?"

"ஏன்?"

"நான் வாறப்பல்லாம் ஏறுறதுக்கு முன்னால உங்க எதுக்க வந்து நிக்கா. நீங்க ஒரு நாளும் அவளை ஏறிட்டுப் பாக்க மாட்டேங்கீங்களே."

ஸ்ரீகண்டனின் எதிரே வெயில் விழுந்த பிளாட்பாரம் வெறுமையாக இருந்தது. அப்பால் தாழைப் புதர் காற்றில் அசைந்தது.

"இப்பவும் நிக்கறாளா?" என்று கிசுகிசுத்தார்.

"ஆமா சார். கைக்கெட்டுற தூரத்துல."

மன்னிப்புக் கேட்க அவரிடம் வார்த்தை இருந்தது. ஆனால் எந்தக் கண்ணைப் பார்த்துக் கேட்பது? தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். இஞ்சின் பெருமூச்சுவிட்டது. விசில் வரவில்லை.

"இன்னும் ஏறலையா?"

"இல்ல சார்" என்றார் அருமைநாயகம். "குனிஞ்சு உங்க மொகத்தைப் பாக்கா."